இப்ப ஆரின்ரை முகம்?

அக்காவின் 'சீ' எப்போதும் எனக்கு அரை நிமிடம் முந்தி வந்துவிடும்.

அக்கா ரெக்ஸ்டேலில் இருக்கிறாள், நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. இரண்டு வீட்டிலும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. சென்னையில் சனங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் ஓடுகிற நாடகங்களை அது எங்களுக்குக் காலை பதினொரு மணிக்குக் கொண்டுவந்து தரும். குளிர்காலத்துக்கு மணிக்கூட்டைத் திருப்பி வைத்தால் நாடகத்து மாமியார்க்காரி பத்து மணிக்கே வந்து நிற்பாள். எனக்குப் பேக்கரியில் பிற்பகல் வேலை. ஆகவே அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, அக்காவும் நானும் ஒன்றாக நாடகம் பார்ப்போம். கதைப்பது குறைவு. அக்காவின் பெட்டியில் படம் என்னுடையதைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும். என் திரையில் கதாநாயகி இன்னும் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். ஃபோனில் 'சீ' கேட்கும். ஏதோ கேவலம் வரப்போகிறது என்று நான் அகப்பையை வைத்துவிட்டு நிமிர்வேன்.

'சீ'யிலும் வகை இருந்தது. கட்டையான 'சீ' என்றால் புருஷன் கன்னத்தில் அறைந்திருக்கிறான், அவள் அவன் காலிலேயே விழுந்திருக்கிறாள். இழுத்த 'சீ' என்றால் செத்துப்போனவன் வேறு நடிகருடைய முகத்தோடு திரும்பி வந்திருக்கிறான், வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூக்கால் வருகிற 'சீ' விளம்பரத்துக்கு. வருடக்கணக்காக இப்படித்தான் பார்த்தோம்.

அக்காவின் மகனுக்கு, நாங்கள் 'தம்பி' என்று கூப்பிடுகிறவனுக்கு, இது விளங்குவதில்லை. அவன் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தாயோடு ஒரே வீட்டில் இருக்கிறவன், தங்கமானவன். "பிடிக்கேல்லை எண்டால் வை டூ யூ வாட்ச், அம்மா?" என்று கேட்பான்.

"பிடிக்காததை ஆர் இருந்து திட்டுவினம்? பிடிச்சபடியாலை தான் திட்டுறம்" என்பாள் அக்கா.

அது உண்மை. அக்காவும் நானும் கதைப் பைத்தியங்கள். பள்ளிக்கூட நாளில் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை நடுவால் கிழித்து, முதற்பாதியை அவளும் பிற்பாதியை நானுமாக வாசித்தவர்கள். முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தை வாசிக்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. நூலகத்தில் எடுத்த நாவல், வாடகைக்கு எடுத்த கசெட், பிளாசாக் கடையில் வாங்கிய சீடீ எல்லாவற்றையும் தின்று தீர்த்தோம். நல்ல கதை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நாக்கில் ருசி உள்ளவருக்குத்தான் புளித்த கறி பிடிபடும். மற்றவர்கள் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு, அருமை என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். அந்த ஐந்து நட்சத்திரத்தைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது.

போன வருடம் அக்காவின் வலது கண் போனது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவளுக்கு இளவயதிலிருந்தே இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து, முதலில் புகை மாதிரி இருந்தது, பிறகு முழுக்க மறைத்துவிட்டது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். அந்த ஊசியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வலது கண் திரும்பவில்லை. பிறகு இடது கண்ணும் அதே வழியில் இறங்கத் தொடங்கியது. ஒப்பரேஷன் ஒன்று செய்து பார்க்கலாம், பலன் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். அக்காவிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு கண்தான்.

எனக்கு அது உறைத்தது ஒரு பதினொரு மணிக்கு. என் திரையில் மருமகளின் தங்கக் காப்பைக் கொழுந்தன் தன் அறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நடுவீட்டில் நிற்கிறான். இதற்கு அக்காவிடமிருந்து கட்டாயம் ஒரு 'சீ' வந்திருக்க வேண்டும். ஃபோனில் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"அக்கா?"

"இருக்கிறன்" என்றாள். பிறகு, "இப்ப ஆரின்ரை முகம்?" என்று கேட்டாள்.

இந்த நாடகங்களைப் பார்க்காத புண்ணியவான்களுக்கு ஒரு விளக்கம். இவற்றில் முக்கியமான இடங்களில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இடி இடிக்கும். கமரா ஒவ்வொரு முகமாகப் போகும். மாமியார் முறைப்பாள். இடி. மருமகள் விழிப்பாள். இடி. வேலைக்காரி, சோதிடர், பக்கத்து வீட்டுக்காரி, ஊஞ்சலில் இருக்கிற தாத்தா வரைக்கும் ஒரு சுற்று முடித்து, மறுபடியும் மாமியாரிடம் வரும். இப்படியே அன்றைய பாகம் முடிந்துவிடும். கண் தெரியாதவர்களுக்கு அது அரை மணி நேர இடிமுழக்கம். எழுதத் துப்பில்லாதவர்கள் முகங்களை வைத்து நாளைக் கடத்துகிறார்கள் என்று நாங்கள் எத்தனை தரம் காறித் துப்பியிருப்போம். அந்தக் களவுதான் இப்போது அக்காவைத் தனியே விட்டுவிட்டது.

"மாமியாரின்ரை" என்றேன்.

"எப்பிடிப் பாக்கிறாள்?"

"கோபமா."

"கோபமா எண்டால்? உன்னட்டை இடியைக் கேக்கேல்லை. முகத்தைச் சொல்லு. வாய் எங்கை நிக்குது?"

வாயைப் பார்த்தேன். அவள் வாய் கோபமாக இல்லை. உதட்டுச் சாயம் கரைந்துவிடும் என்ற பயத்தில் மெல்லத் திறந்து வைத்திருந்தாள். அதைச் சொன்னேன். அக்கா மூக்கால் சிரித்தாள்.

"இப்ப?"

"மருமகள். கண்ணுக்குள்ளை தண்ணி. ஆனால் எங்கையோ கீழை பாக்கிறாள். வசனம் எழுதின பேப்பர் அங்கை இருக்குது போலை."

"சீ" என்றாள் அக்கா. அன்றைக்கு அந்த 'சீ' எனக்குப் பிந்தி வந்தது.

அதன் பிறகு அதுதான் எங்கள் வேலை. முகம் சொல்வது சுலபம் என்று நினைக்க வேண்டாம். 'சோகமாக', 'அதிர்ச்சியாக' என்றால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். புருவம் எங்கே, தொண்டை அசைகிறதா, யாரைப் பார்க்க வேண்டியவன் யாரைப் பார்க்கிறான் என்று துருவித் துருவிக் கேட்பாள். மோசமான நடிப்பை உள்ளபடி சொல்வதில் அப்படி ஒரு சுகம் இருந்தது. இத்தனை வருடம் நான் ஒரு முகத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒப்பரேஷனுக்கு முதல் ஒரு படம் தியேட்டரில் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. பெரிய நடிகரின் படம், முதல் நாள், ஸ்காபரோவில். போகாமல் விட்டிருக்கலாம். கதவைத் திறந்ததுமே வெண்ணெய்யும் வேர்வையும் கலந்த மணம். திரையில் அவருடைய செருப்பு வந்ததற்கே சனம் எழும்பி நின்று கத்தியது. கிழித்த கடதாசியை அள்ளி எறிந்தார்கள். என் கழுத்துக்குள் போன துண்டு படம் முடியும்வரை முதுகில் ஊர்ந்தது. அவருக்கு என் வயதுக்கு மேலே. ஒரு விரலால் தட்ட, தடியன்கள் லொறியின் மேல் பறந்துபோய் விழுகிறார்கள். மகள் வயதுப் பெட்டை ஒன்று அவர் பின்னால் மழையில் நனைந்துகொண்டு ஓடுகிறது. அதைப் பார்க்க எனக்கு அருவருத்தது. பக்கத்தில் ஒரு தகப்பன் தன் சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு விசில் அடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க இன்னும் அருவருத்தது.

நான் அக்காவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு இளந்தாரி திரும்பினான்.

"அன்ரி, கொஞ்சம் கதைக்காமல் இருக்கிறியளா? படம் பாக்கேலாமல் கிடக்கு."

"தம்பி, நீர் ஃபோனாலை பாக்கிறீர், நான் காதாலை பாக்கிறன்" என்றாள் அக்கா. "இரண்டு பேருக்கும் படம் தெரியேல்லை. பிறகென்ன சண்டை, விடும்."

வெளியே வந்தபோது அவள் தலைமயிரில் மினுங்கற் கடதாசி ஒட்டியிருந்தது. "எப்பிடி?" என்று கேட்டேன். "கடைசியாப் பாக்க இந்தப் படத்தைத் தான் எனக்கு வைச்சிருந்தவங்களோ" என்றாள். எடுத்துவிடுவதற்குத் தலையைக் குனிந்து தந்தாள்.

அதே மாதம் ஒரு புத்தக வெளியீடு. எங்கள் ஆட்கள் இந்த நகரத்தில் புத்தகம் வெளியிடுகிற விதம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அதிர்ஷ்டசாலிகள். விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, வாழ்த்துப் பாடி, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, ஆய்வுரை எல்லாம் முடிய, றோல்ஸும் தேத்தண்ணியும் ஆறிப்போய் இருக்கும். எழுதினவர் எங்களுக்குத் தெரிந்தவர், அழைத்தபடியால் போனோம். அக்கா வெள்ளைத் தடியோடு முன்வரிசையில் இருந்தாள். ஆய்வுரைக்காரர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேரமின்மையால் நூலை முழுமையாகப் படிக்க வாய்க்கவில்லை, எனினும் அட்டையைப் பார்த்தபோதே மெய்சிலிர்த்தது என்று தொடங்கினார். பிறகு அவர் கண் அக்காவின் தடியில் விழுந்தது. விட்டாரா? புறக்கண் இல்லாதவருக்கு அகக்கண் உண்டு, இலக்கியத்தைக் காண அதுவே போதும் என்று கையை எங்கள் பக்கம் நீட்டினார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அக்கா என் பக்கம் சாய்ந்து, ஆனால் வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "உவருக்கு இரண்டு கண் இருக்குது. இருந்தும் வாசிக்கேல்லை."

ஒப்பரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. இரத்தம் வடிய வேண்டும், வீக்கம் வற்ற வேண்டும், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். பொறுக்கிற அந்தக் காலத்தில் அக்காவின் வீடு நல்ல விஷயங்களால் நிரம்பியது. ஒருவர் பக்திப் பாடல் பெட்டி கொண்டுவந்தார். இன்னொருவர் தன்னம்பிக்கைப் பேச்சு அனுப்பினார். அதில் ஒருவன் நாள் முழுக்க 'உன்னால் முடியும்' என்று கத்திக்கொண்டே இருந்தான். மகன் நாவல்களைப் படித்துக் காட்டுகிற ஏதோ ஒன்றை ஃபோனில் போட்டுக் கொடுத்தான். வாசிப்பது மனிதர் அல்ல, மெஷின். பிள்ளை செத்த இடத்தையும் தேங்காய் துருவுகிற இடத்தையும் அது ஒரே குரலில் வாசித்தது. அக்கா ஒரு அத்தியாயம் கேட்டாள்.

"என்ரை கண் தான் போகுது, புத்தி போகேல்லை எண்டு அவனுக்குச் சொல்லு" என்றாள் என்னிடம்.

மகன் ஒருநாள் என்னைக் காருக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினான். அவனுடைய கண் சிவந்திருந்தது. "சித்தி, நீங்கள் இரண்டு பேரும் எப்பவும் எல்லாத்தையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறியள். தட்'ஸ் நொட் குட் ஃபோர் ஹேர். அவவுக்குப் பொசிட்டிவா இருக்க வேணும். ஹீலிங்குக்கு. பிளீஸ், நெகட்டிவா ஒண்டும் சொல்லாதேங்கோ."

அவன் அழுவான் போல் இருந்தது. நான் ஓம் என்றேன். ஓம் என்றது மட்டுமில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கியிருந்தது. இருட்டுக்குள் இருக்கிறவளுக்கு மேலும் மேலும் ஏன் கேவலத்தையே எடுத்துச் சொல்ல வேண்டும்? அடுத்த நாள் காலை மாமியாரின் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிகிறது என்றேன். அங்கே இரக்கமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அக்கா "அப்பிடியோ" என்றாள். அதற்கடுத்த நாள் மருமகள் நன்றாக நடிக்கிறாள் என்றேன். அதற்கும் "அப்பிடியோ" என்றாள். இப்படியே சில வாரம் போனது. அந்த 'அப்பிடியோ'வில் 'சீ' இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்தும் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் சரி.

சனிக்கிழமைகளில் நான் பஸ்ஸிலும் சப்வேயிலும் மாறி மாறி ஏறி ரெக்ஸ்டேலுக்குப் போய், அவளுக்குச் சித்திரக்கதை வாசிப்பேன். நாங்கள் நடுவால் கிழித்து வாசித்த பழைய கதைகளை இப்போது சென்னையில் மறுபதிப்புப் போடுகிறார்கள். போய் வருகிறவர்களின் பெட்டிகளுக்குள் அவை இங்கே வந்து சேரும். கறுப்பு மையில் கோடு கோடாக இருந்த படங்களுக்கெல்லாம் நிறம் அடித்துவிட்டிருந்தார்கள். இரவுக் காட்சி முழுக்க ஊதாப்பூ நிறம். கெட்டவனும் நல்லவனும் பூந்தி லட்டு நிறத்தில் நிற்கிறார்கள். வழுவழுத் தாள், பெயின்ற் மணம், தலையணை மாதிரிப் பாரம். இதைப் பொக்கிஷப் பதிப்பு என்று வேறு சொல்கிறார்கள். இதற்குப் பொசிட்டிவாக என்ன சொல்வது? நிறம் வடிவாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். சொல்ல வாய் கூசியது.

ஒரு சனிக்கிழமை வாசித்தது ஒரு கலங்கரை விளக்கக் காவற்காரனின் கதை. கடற்கொள்ளைக்காரரைத் தனியே நின்று பிடிக்கிறவன்; துணைக்கு ஒரு நொண்டி நாய். இந்தக் கதை முன்பு எங்கள் கைக்கு வராதது, அதனால் இரண்டு பேருக்கும் புதிது. கடைசிக்குக் கிட்ட, பக்கத்தைப் புரட்டினேன். ஒரு சொல்லும் இல்லை. முழுப் பக்கத்துக்கும் ஒரே படம். பாறையில் நாய் கிடக்கிறது. கீழே அலை. அதன் பக்கத்தில் அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கேவலமான ஊதாவுக்குள்ளும் அது நல்ல படம். எங்களுக்கு வருடக்கணக்காகக் கிடைக்காத நல்ல படம்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?" என்றாள் அக்கா. "என்ன படம்?"

சாய்மனைக் கதிரையில் இருந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தாலும் கொஞ்சம் தள்ளி, யன்னல் பக்கம் பார்த்தாள்.

"நாய் பாறையிலை படுத்திருக்குது" என்றேன். பிறகு, "அலைகளின் ஓசையைக் கேட்டபடி அது அமைதியாகத் துயில்கிறது" என்றேன்.

"துயிலுதோ?"

"ஓம்."

"எங்கடை வீட்டிலை ஆரும் ஒருநாளும் துயின்றதில்லை" என்றாள் அக்கா. "நாய் செத்துப்போச்சு, என்ன?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"நீ பொய் சொல்லேக்கை மட்டும் தான் மேடைத் தமிழ் கதைக்கிறனீ. சின்னனிலை இருந்து அப்பிடித் தான். எவ்வளவு நாளா இந்த வேலை? மாமியாருக்கு இரக்கம் வந்ததெண்டு சொன்னதும் இந்தத் துயில் மாதிரித் தானோ?"

"அக்கா, தம்பி சொன்னவன், உங்களுக்குக் கவலை தரக்கூடாதெண்டு..."

"அவன் பிள்ளை. அவன் சொல்லுவான். நீ ஆர்?" அவள் குரல் ஏறவில்லை. "எல்லாரும் வந்து வந்து எனக்குச் சீனிப்பாணி ஊத்துறியள். சீனியாலை தானே கண் போனது. நீ ஒருத்தி தான் உள்ளதைச் சொல்லுவாய் எண்டு இருந்தன். வீட்டை போ."

நாயின் படத்தை அவளுக்கு ஒழுங்காகச் சொல்லக்கூட அவள் விடவில்லை. பஸ்ஸுக்குள் அந்தத் தலையணைப் புத்தகம் மடியில் கிடந்தது. பூந்தி நிறத்தையும் ஊதாவையும் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அவற்றைவிட என்னைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. ஒரு நல்ல படத்தை அவளுக்குக் களவாக மறைத்துவிட்டு, அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு மணிக்கு அக்கா ஃபோன் எடுக்கவில்லை. நான் தனியே நாடகம் பார்த்தேன். கொழுந்தன் துறவியாகிவிட்டான். சோதிடர்தான் மாமியாரின் தொலைந்துபோன அண்ணன் என்று தெரியவந்தது. இதற்கெல்லாம் நான் தனியே 'சீ' சொல்லிப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. கேவலத்தை ரசிக்கவும் ஆள் வேண்டும். தனியே பார்த்தால் அது வெறும் கேவலம்தான். பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்கு வெளிக்கிடுவேன்.

கண் டொக்டரிடம் போகிற நாள் வந்தது. அதற்கு முதல் நாள் அக்காவே என்னை ஃபோனில் கூப்பிட்டாள். 'எப்படி இருக்கிறாய்' என்ற ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலமை நீ வா. தம்பியை வேலைக்குப் போகச் சொல்லிப்போட்டன்."

"அவன் வரட்டுமே, அக்கா. டொக்டர் சொல்லுறதை..."

"டொக்டர் சொல்லுறது எனக்கு விளங்கும். அதுக்கு ஆரும் வேண்டாம்" என்றாள். "நீ வா."

விடியவே வெளிக்கிட்டுப் போனேன். கிளினிக்கில் அவளுடைய முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, டொக்டர் வெளிச்சம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இளம் மனுசர், மரியாதையானவர், முதல் நாளிலிருந்தே அவளை நன்றாகப் பார்த்தவர். பார்த்து முடித்துக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். வீக்கம் வற்றியிருக்கிறது, அது நல்லது என்று ஆங்கிலத்தில் சொன்னார். இன்னும் கொஞ்சக் காலம் கொடுத்துப் பார்ப்போம், நம்பிக்கையை விட வேண்டாம் என்றார். குரல் நன்றாகவே இருந்தது. குரலை மட்டும் கேட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

அக்கா சிரித்தாள். "தேங்க் யூ, டொக்டர். ஐ ஆம் நொட் வொறீட்" என்றாள். பிறகு சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"இப்ப ஆரின்ரை முகம்?"

"டொக்டரின்ரை" என்றேன்.

"எப்பிடி?"

என் வாய்க்குள் 'நம்பிக்கையோடு புன்னகைக்கிறார்' என்று ஒரு வசனம் வந்து நின்றது. மேடைத் தமிழ், சுத்தமான மேடைத் தமிழ். விழுங்கினேன்.

"உங்களைப் பாக்கேல்லை, அக்கா. கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு தான் சொன்னவர். அதிலை ஒண்டும் எழுதேல்லை. கையை மட்டும் கீபோட்டிலை வைச்சிருக்கிறார்."

"பேந்து?"

"பேந்து என்னைப் பாத்தவர். நான் திரும்பிப் பாத்த உடனை கீழை குனிஞ்சிட்டார். இப்ப பேனையை மூடித் திறக்கிறார்."

"வாய்?"

"வாய் சிரிச்ச மாதிரித் தான் கிடக்கு. தாடை இறுகியிருக்குது."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். டொக்டர் எங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். இன்னொரு தரம் நன்றி சொன்னாள், இன்னொரு தரம் சிரித்தாள். நான் அவளுடைய முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். கதவு எங்களுக்குப் பின்னால் மூடும்வரை பொறுத்திருந்தாள்.

"சீ" என்றாள். "என்ன நடிப்பு உது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நடந்தேன். நடைபாதையின் பாதியில் அவள் நின்றாள்.

"என்ரை நடிப்பு எப்பிடி?"

"சரிவரேல்லை, அக்கா" என்றேன். "வாய் மட்டும் தான் சிரிச்சது."

"ஓம். எனக்கும் விளங்கினது." பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நட. பதினொரு மணிக்கு முதல் வீட்டை போவம்" என்றாள். "போற வழியிலை அந்த நாயின்ரை படத்தைச் சொல்லு."